அலமாரியில் ஒரு நீலக் குதிரை

"இன்னொரு தடவை போடு" என்றாள் அண்ணி.

கொழுந்தன் நாற்காலியில் சரிந்தான். காலையிலிருந்து ஒரே விளம்பரத்தைப் பார்த்துப் பார்த்து அவனுக்குக் கண் பூத்துப் போயிருந்தது. "அண்ணி, இதுக்கு மேல பார்த்தா நானே போய் அந்தக் கறை நீக்கியை வாங்கிட்டு வந்துருவேன். நம்ம வீட்ல சோபாவே கிடையாது."

"உன் சட்டைக்கு ஆகும். போடு."

துப்பறியும் நிலையங்கள் எத்தனையோ உண்டு. அண்ணியும் கொழுந்தனும் சேர்ந்து நடத்துவது இது ஒன்றுதான். அண்ணி முன்பு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். எரியாத கடைக்கும் திருடு போகாத வண்டிக்கும் பணம் கேட்டு வருகிறவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள். கொழுந்தன் பார்த்த வேலைகள் எல்லாம் அவன் வாயால் போனவை. கடைசியில் அண்ணன்காரர், "பய வாய் மட்டும்தான் வேலை செய்யுது, உன் ஆபீஸ்லயே ஒரு ஓரமா வச்சுக்கோ" என்று தம்பியை மனைவியின் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டார்.

லேப்டாப்பில் விளம்பரம் மறுபடி ஓடியது. ஒரு வரவேற்பறை. மங்கலான, அழுது வடிகிற வெளிச்சம். வெள்ளை சோபாவில் காபி கொட்டிக் கிடக்கிறது. பக்கத்தில் சின்னப் பெண் ஒருத்தி வாயைப் பிளந்து அழுகிறாள். ஒரு கை வந்து பாட்டிலைக் காட்டுகிறது. இசை மாறுகிறது. அதே அறை, இப்போது பளிச்சென்று. சோபாவில் பொட்டுக் கறை இல்லை. அதே பெண் குதித்து உட்கார்ந்து சிரிக்கிறாள். கீழே எழுத்து வருகிறது: உண்மையான வீடு, உண்மையான கறை.

சோபாவுக்குப் பின்னால் ஓர் அலமாரி. அதில்தான் வழக்கே இருந்தது. பளிச்சென்ற பாதியில் அந்த அலமாரியில் நீலப் பீங்கான் குதிரை ஒன்று நிற்கும். அழுக்கான பாதியில் அந்த இடம் காலி.

வீடு ஒரு பல் டாக்டருடையது. குதிரை அவர் அப்பா கடல் தாண்டிப் போய் வாங்கி வந்தது. பழம்பொருள் வியாபாரி ஒருவர் பெரிய விலைக்குக் கேட்டும் டாக்டர் கொடுக்கவில்லை. ஷூட்டிங் நடந்த அன்று டாக்டர் கிளினிக்கில் இருந்தார். வீட்டு வேலை செய்யும் அம்மாவைப் பகலில் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எல்லாரும் சாமான்களையும் சோபாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய பிறகு, சாயங்காலம் அந்த அம்மா வந்து வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம்தான் குதிரை இல்லாததை டாக்டர் கவனித்தார்.

அப்புறம் கணக்கு சுலபம். வீடு அழுக்காக இருந்தபோது குதிரை இல்லை, இன்னும் அலமாரியை அடுக்கியிருக்க மாட்டார்கள். வீடு சுத்தமானபோது குதிரை இருக்கிறது. ஆகவே ஷூட்டிங் முடியும்வரை அது இருந்தது. அதற்குப் பிறகு உள்ளே வந்தது ஒரே ஆள். "நான் வந்தப்பவே அது அங்க இல்லைங்க" என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னதை ஸ்டேஷனில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆதாரம் இல்லை என்று கடைசியில் விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தத் தெருவில் அவர் வேலை செய்த எல்லா வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. டிவியில் விளம்பரம் வரும்போதெல்லாம் அந்தக் குதிரை வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போனது.

இந்த வழக்கைக் கொண்டு வந்தவர் அந்த அம்மாவும் இல்லை, டாக்டரும் இல்லை. விளம்பரத்தை எடுத்தவர்.

தாடி நரைத்த, பேசும்போது கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்கிற மனிதர். பாதி ஆயுசை டிவி தொடர்களுக்கு ப்ரோமோ வெட்டுவதில் கழித்தவர். நாளைய கதையிலிருந்து ஓர் அறை, ஒரு கண்ணீர், திறக்கப் போகிற ஒரு கதவு, இவ்வளவையும் உருவி எடுத்து, யார் வரப்போகிறார்கள் என்று காட்டாமல் நிறுத்தி, ஊரையே மறுநாள் டிவி முன்னால் உட்கார வைத்தவர். அதற்குப் பிறகு விளம்பரங்கள். சோப்பு, டயர், வலி மருந்து, கடைசியாக இந்தக் கறை நீக்கி. தன் விளம்பரத்தால் ஒரு ஏழை அம்மாவின் பேர் கெட்டுவிட்டது, தூக்கம் வருவதில்லை, உண்மையில் என்ன நடந்தது என்று கண்டுபிடியுங்கள் என்றார். தானே விளம்பரத்தின் முழுப் பிரதியையும் கொண்டு வந்து மேஜையில் வைத்தார்.

"நல்ல மனுஷன் அண்ணி" என்று கொழுந்தன் அன்றைக்கே சான்றிதழ் கொடுத்துவிட்டான். "செய்யாத தப்புக்கு இவ்வளவு வருத்தப்படறாரு. நானெல்லாம் செஞ்ச தப்புக்கே வருத்தப்படறதில்ல."

அண்ணிக்குள் வேறோர் உறுத்தல் இருந்தது. இந்த விளம்பரத்தை முதல் தடவை பார்த்ததுமே அவளும் அந்த அம்மாதான் எடுத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டாள். வெளியில் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

விளம்பரம் முடிந்து மறுபடி தொடங்கியது. கொழுந்தன் கொட்டாவி விட்டான்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம் அண்ணி. இவ்வளவு நல்ல மருந்தை ஏன் சோபாவுக்கு மட்டும் விக்கிறாங்க? காபிக் கறை போகுது, வீட்டுக்கு வெளிச்சம் வருது, பாப்பாவுக்குப் பல்லே முளைச்சிடுது. டாக்டர் கடையைக் கட்ட வேண்டியதுதான்."

"என்ன சொன்னே?"

"டாக்டர் கடையைக் கட்ட..."

"அதுக்கு முன்னாடி."

கொழுந்தன் தலையைச் சொறிந்தான். தான் சொன்ன நகைச்சுவையை யாராவது திருப்பிக் கேட்டால் அவனுக்குப் பயம் வந்துவிடும். விளம்பரத்தை மெதுவாகப் பின்னால் இழுத்து நிறுத்தினான். அழுக்கு அறையில் அந்தப் பெண் வாயைப் பிளந்து அழுகிறாள். மங்கலில் உற்றுப் பார்த்தால் தெரிகிறது, மேல் வரிசையில் முன் பல் ஒன்று இல்லை. முன்னால் தள்ளினான். சுத்தமான அறையில் அவள் சிரிக்கிறாள். வரிசை முழுசாக இருக்கிறது.



"விழுந்த பல்லு ஒரே நாள்ல முளைக்காது" என்றாள் அண்ணி. "இருந்த பல்லு ஒரே நாள்ல விழும்."

"அப்படின்னா?"

"சிரிச்சதை முதல்ல எடுத்திருக்காங்க. அழுததைப் பின்னாடி."

கொழுந்தன் மெதுவாகச் சொன்னான். "சுத்தமான சோபாவை முதல்ல எடுத்துட்டு, அப்புறம் காபியை ஊத்தியிருக்காங்க. அதானே? கொட்டின கறையை இந்த மருந்து எங்க எடுக்கப் போகுது. ஊத்தினா ஊத்தினதுதான்."

"குதிரை காலையில இருந்திருக்கு. பின்னாடி இல்லை. அந்த அம்மா வர்றதுக்கு முன்னாடியே அது போயாச்சு."

"அவங்க அதைத்தான் சொன்னாங்க."

"ஆமா. அதை மட்டும்தான் சொன்னாங்க."

ஆனால் அண்ணி அவசரப்படுகிறவள் இல்லை. படம் எடுக்கிறவர்கள் ஒட்டுப் பல் வைத்திருக்கலாம், சிரிப்பு அழகாக இருக்க வேண்டுமே. அது ஒட்டா அசலா என்று சொல்ல ஒரு பல் டாக்டர் வேண்டும். பாதிக்கப்பட்டவரே பல் டாக்டராக இருப்பது எல்லா வழக்கிலும் கிடைக்காது.

ஸ்கூட்டரை அண்ணி ஓட்டினாள். பின்னால் உட்கார்ந்தால் வழியெல்லாம் போர்டுகளைப் படித்துக் கிண்டல் செய்கிற கொழுந்தன் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. சிக்னலில் நின்றபோதுதான் வாயைத் திறந்தான்.

"அண்ணி, போன வாரம் அந்த அம்மா வீட்டுக்குப் போனோமே. அவங்க தண்ணி எடுக்க உள்ள போனாங்க. என் போன் ஸ்டூல் மேல இருந்துச்சு. நான் எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன்."

"பார்த்தேன்."

"பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலையே?"

"நானும் கைப்பையை எடுத்து மடியில வச்சுக்கிட்டேன். என்ன சொல்றது?"

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்த பிறகுதான் அண்ணி வண்டியை எடுத்தாள்.

கிளினிக்கில் நாற்காலியில் ஒருவர் வாய் நிறையப் பஞ்சோடு படுத்திருந்தார். டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் லேப்டாப்பைப் பார்த்தார். இதை நூறு தடவை பார்த்தாயிற்று, அதோ குதிரை, இன்னும் என்ன பார்க்க வேண்டும் என்று சலித்துக்கொண்டார். குதிரையை விடுங்கள், பாப்பாவின் வாயைப் பாருங்கள் என்றாள் அண்ணி.

டாக்டர் குனிந்தார். தொழில் என்று வந்துவிட்டதும் அவர் முகமே மாறியது. படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். அது பால் பல்தான், வேர் கரைந்து போய் முன்னால் சாய்ந்து நிற்கிறது, அன்றைக்கோ மறுநாளோ விழ வேண்டியது, ஒட்டுப் பல் இப்படிச் சாயாது என்று மளமளவென்று சொன்னார். கொழுந்தன் அழுக்குப் பாதிக்கு இழுத்துக் காட்டினான். "இது இப்பத்தான் விழுந்திருக்கு" என்றார் டாக்டர். "ஈறு இன்னும் சிவப்பா இருக்கு பாருங்க. விழுந்து..."

அங்கேயே நிறுத்திவிட்டார். கையுறையைக் கழற்றினார். நோயாளியோடு வருகிறவர்களுக்கென்று போட்டிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஸ்டேஷன்ல நானே இதைப் போட்டுக் காட்டினேன்" என்றார். "தெருவுல இருக்கிறவங்களுக்கும் காட்டினேன். தினம் வாயைப் பார்த்தே சாப்பிடறவன் நான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்தக் குழந்தை வாயைப் பார்க்கலை."

நாற்காலியில் இருந்தவர் பஞ்சு வாயோடு எழுந்து உட்கார்ந்து கதை கேட்க ஆரம்பித்திருந்தார். கொழுந்தன் அவரைத் தோளைத் தட்டிப் படுக்க வைத்தான். "வலிக்கலைல்ல சார்? பரவாயில்ல, டாக்டருக்குத்தான் இப்ப வலிக்குது."

இப்போது தான் என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் கேட்டார். இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், யாரிடமும் பேசவும் வேண்டாம் என்றாள் அண்ணி. கொழுந்தன் வண்டியை எடுக்கக் கீழே போன பிறகு டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதில் வந்ததும் தலையை ஆட்டிவிட்டு இறங்கி வந்தாள்.

"என்ன கேட்டீங்க?"

"என் கடைவாய்ப் பல் எப்ப பிடுங்கலாம்னு."

விளம்பரம் எடுத்தவரின் எடிட்டிங் அறைக்குப் போகும் வழியெல்லாம் கொழுந்தன் குற்றவாளியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்தான். செட்டுக்காரர்தான் என்பது அவன் கட்சி. அலமாரியை அடுக்கியது அவர், பொருளின் மதிப்பு தெரிந்தவர், போனில் பேசியபோது எதற்கெடுத்தாலும் சிரித்தார். அண்ணி மறுத்தும் பேசவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

எடிட்டிங் அறை ஒரு மாடியின் கோடியில் இருந்தது. ஜன்னல் இல்லை. சுவர் முழுக்கச் சத்தத்தை விழுங்குகிற மெத்தைப் பலகை. ஒரு மூலையில் இரும்பு லாக்கர், மேஜையில் ஆறிப்போன காபி. திரையில் ஒரு தொடரின் நாயகி யாரையோ திரும்பிப் பார்த்து அதிர்ந்துகொண்டிருந்தாள். விளம்பரக்காரர் அந்தப் பார்வையை வெட்டி வேறொரு வசனத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்த நாயகி உண்மையில் எதைப் பார்த்து அதிர்ந்தாள் என்று கொழுந்தன் கேட்டான். மேக்கப் போடுகிறவர் பவுடர் டப்பாவைக் கீழே போட்டுவிட்டார், அதைப் பார்த்து என்றார் அவர். இப்போது அதே பார்வை புருஷனின் ரெண்டாவது கல்யாணத்தைப் பார்ப்பதாக ஆகிவிட்டது. தன் கைவேலையை அவர் பெருமையில்லாமல் சொன்னார்.

அண்ணி பல்லைப் பற்றிச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைக்கவில்லை.

"அப்ப அந்த அம்மா எடுக்கலை" என்றார்.

"எடுக்கலை."

அவர் விட்ட மூச்சு அந்தச் சின்ன அறையில் பெரிதாகக் கேட்டது. "இதை எழுதிக் கொடுத்துடுங்க மேடம். டாக்டருக்கு ஒண்ணு, ஸ்டேஷனுக்கு ஒண்ணு."

"யார்னு தெரிய வேண்டாமா சார்?" என்றான் கொழுந்தன். "உங்க ஆளுங்கள்ல ஒருத்தர்தான். எனக்கு அந்த செட்டுக்காரர் மேல ஒரு கண்ணு."

"சேச்சே, அவர் மேல சந்தேகப்படாதீங்க. அவர் அந்த நேரம் சாப்பிடப் போயிருந்தார்."

கொழுந்தன் விடுவதாக இல்லை, சாப்பிடப் போனவர் சீக்கிரம் திரும்பி வந்திருக்கலாமே என்று ஆரம்பித்தான். அண்ணி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எந்த நேரம் சார்?" என்று கேட்டாள்.

அவர் விழித்தார்.

"காலையில இருந்துச்சு, பின்னாடி இல்லை. எங்களுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அந்த நேரம்னு நீங்க எந்த நேரத்தைச் சொல்றீங்க?"

திரையில் நாயகி அதிர்ந்த முகத்தோடு அப்படியே நின்றிருந்தாள். விளம்பரக்காரர் அவளைப் பார்த்தார், விசைப்பலகையைப் பார்த்தார், அண்ணியை மட்டும் பார்க்கவில்லை.

"நீங்க எங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னீங்க" என்றாள் அண்ணி. குரலை உயர்த்தவில்லை. "வீடு யாரோடது, யார் யார் வந்தாங்க, எந்த சோபா, எந்தக் காபி. எதை முதல்ல எடுத்தீங்கன்னு மட்டும் சொல்லலை. அதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வழக்கே இல்லை. மறந்திருப்பீங்கன்னு நினைச்சேன். அதான் டாக்டர்கிட்ட கேட்டேன். 'நாங்க கிளம்பும்போது குதிரை அங்கேயே இருந்துச்சு, விளம்பரத்தையே பாருங்க'ன்னு அவர்கிட்ட போன்ல சொன்னது யாருன்னு. நீங்கதான்னார்."

கொழுந்தனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்ல மனுஷன் என்று சான்றிதழ் கொடுத்தது அவன்தான்.

விளம்பரக்காரர் எழுந்து போய் லாக்கரைத் திறந்தார். கேபிள் சுருள்களுக்குப் பின்னாலிருந்து துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். பிரித்தார். நீலக் குதிரை. எத்தனையோ துண்டாக உடைந்ததைப் பசை போட்டு ஒட்டியிருந்தது. பசை வழிந்து காய்ந்திருந்தது. ஒரு முன்னங்காலைக் காணோம்.

எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்களாம். காபியை எப்படி வீசினால் சோபாவில் அழகாகக் கொட்டும் என்று இவர் மட்டும் தனியாக, கப்பில் தண்ணீரை வைத்துக்கொண்டு வீசி வீசிப் பார்த்திருக்கிறார். முழங்கை அலமாரியில் இடித்தது. துண்டுகளைப் பையில் வாரிப் போட்டுக்கொண்டார். செட்டுக்காரர் வந்து கேட்டபோது பத்திரமாக உள்ளே எடுத்து வைத்துவிட்டேன் என்றார். மத்தியானம் காலி அலமாரியோடு அழுக்குப் பாதியை எடுத்தார். ஜனங்கள் பாட்டிலைத்தான் பார்ப்பார்கள், பின்னால் இருக்கிற அலமாரியை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது அவர் இத்தனை வருஷத் தொழிலில் கற்ற பாடம். டாக்டரிடம் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தார். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினார். ஒரு நாள் டாக்டரே போன் செய்தார். அவர் குரல் கடுமையாக இருந்தது. குதிரை எப்போது உடைந்தது என்று சொன்னால் எந்தப் பாதியை முதலில் எடுத்தோம் என்பது வெளியே வரும். உண்மையான கறை என்று எழுத்துப் போட்டுக் கொடுத்தவர் இவர். கம்பெனி இவரைக் காவு கொடுத்துவிட்டுத் தப்பிக்கும். வாய் தானாக அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டது. டாக்டர் திட்டிவிட்டு விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தார். அந்த வீட்டில் வேலை செய்கிற அம்மா ஒருவர் இருக்கிறார் என்பதே அப்போது அவருக்குத் தெரியாது.

"தெரிஞ்சப்ப ஸ்டேஷன் வாசல் வரைக்கும் போனேன் மேடம்" என்றார். "ரெண்டு தடவை. அவங்க உள்ள பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. நான் திரும்பி வந்துட்டேன்."

"அதுக்குத்தான் எங்களைப் பிடிச்சீங்களா?"

"எனக்குச் சொல்ல வரலை. நீங்க கண்டுபிடிச்சுட்டா நான் சொல்ல வேண்டியதில்லைன்னு..."

கொழுந்தன் அந்த மூன்று கால் குதிரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எத்தனையோ பேர் வந்திருக்காங்க சார். காணாமப் போன நாயைத் தேடச் சொன்னாங்க, ஓடிப் போன மருமகனைத் தேடச் சொன்னாங்க. தன்னையே தேடிக் கொடுக்கச் சொன்னது நீங்க ஒருத்தர்தான்." சிரிப்பதற்காகத் தொடங்கியது, முடிக்கும்போது சிரிப்பாக இல்லை.

அவர் மறுபடி கேட்டார். எழுதிக் கொடுத்துவிடுங்கள், என் பேரையும் போட்டே எழுதுங்கள், எந்தத் தண்டனையானாலும் சரி என்றார்.

"எழுதித் தர மாட்டேன்" என்றாள் அண்ணி. "நான் எழுதினா நீங்க மாட்டிக்கிட்டவர், அவ்வளவுதான். அவங்க சொன்னது உண்மைன்னு அவங்ககிட்ட யாரும் வந்து சொன்னதா ஆகாது. கிளம்புங்க. டாக்டரும் ஸ்டேஷனும் அப்புறம்."

அந்த அம்மாவின் வீடு மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, ஒரு தடுப்பு, அதற்குப் பின்னால் அடுப்பு. தெருக் கதவுகள் சாத்திய பிறகு ஓர் ஓட்டலுக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கிற வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று பேரையும் பார்த்ததும் புது ஆள் ஸ்டேஷனிலிருந்து வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்து நின்றுவிட்டார். அண்ணி அவரை உட்கார வைத்தாள்.

விளம்பரக்காரர் பேச ஆரம்பித்தார். ஊரையே அரை நிமிஷத்தில் நம்ப வைக்கிற மனிதருக்கு வார்த்தை வரிசையாக வரவில்லை. இனிமேல் உங்களை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றார். டாக்டர் மன்னிப்புக் கேட்பார் என்றார். கம்பெனிக்காரர்கள் போட்ட எழுத்து அப்படி என்றார். பாப்பாவுக்குப் பல் விழுந்துவிட்டது என்றார். அந்த அம்மா அண்ணியைப் பார்த்தார், கொழுந்தனைப் பார்த்தார், ஒன்றும் புரியாமல் கத்தியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் உதவிக்குப் போகப் பார்த்தான், அண்ணி முறைத்தாள்.

"நான்தாம்மா உடைச்சேன்" என்றார் கடைசியில்.

அந்த அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"எப்ப?"

"அன்னைக்கு மத்தியானம்."

"அப்ப நான் வந்தப்ப அது அங்க இல்லை."

"இல்லைம்மா."

"நான் சொன்னேனே" என்று அண்ணியைப் பார்த்துச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. "அதைத்தானே மேடம் சொன்னேன். எல்லாரும் கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. துடைக்கும்போது கை பட்டு விழுந்துச்சோ, பெருக்கித் தள்ளிட்டேனோன்னு. பல நாள் தூக்கத்துல தேடியிருக்கேன்."

அண்ணிக்கு அந்த இடத்தில் நிற்கக் கூசியது. போன வாரம் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்ட கைப்பை நினைவுக்கு வந்தது. மன்னிப்பு என்ற வார்த்தையை அவள் சொன்னாள். அந்த அம்மா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

விளம்பரக்காரர் இப்போது வேகமாகப் பேசினார். இன்றைக்கே டாக்டரிடம் போவதாகச் சொன்னார், ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார், அந்தத் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்வதாகச் சொன்னார். வேலை போனால் போகட்டும் என்றார்.

"தெருவுல அப்புறம் சொல்லிக்கலாம் சார்" என்றார் அந்த அம்மா.

அவர் பார்வை சுவரோரம் இருந்த பீரோவுக்குப் போனது. பழைய இரும்பு பீரோ. கைப்பிடியில் புதிதாக ஒரு பூட்டு தொங்கியது.

"எனக்கு ஒரு பொண்ணு. கடையில பில் போடறா. டிவியில அதைப் பார்த்துட்டு, 'அப்படித்தானேம்மா காட்டுறாங்க'ன்னு ஒரே ஒரு தடவை கேட்டா. நான் இல்லைன்னேன். சரின்னுட்டா. அதுக்கப்புறம் அதைப் பத்திப் பேசினதே இல்லை. மறுநாள் இந்தப் பூட்டை வாங்கிட்டு வந்தா. சாவியை எடுத்துட்டுத்தான் வேலைக்குப் போறா." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "என் துணியும் அதுக்குள்ளதான் இருக்கு. அவ வந்து திறந்தாத்தான் மாத்திக்குவேன்."

விளம்பரக்காரர் பீரோவைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றி, அது கையிலேயே இருக்க, வெறும் கண்ணோடு நின்றார். கொழுந்தன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெளியே யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அந்த அம்மா வெங்காயக் கூடையை ஓரமாக நகர்த்தினார். ஸ்டூலைத் துடைத்து விளம்பரக்காரர் முன்னால் போட்டார்.

"அவதான். உக்காருங்க சார். அவகிட்ட சொல்லுங்க. என்கிட்ட சொன்ன மாதிரி அங்கொண்ணும் இங்கொண்ணுமாச் சொல்லாதீங்க, அவளுக்குப் புரியாது. எது முதல்ல நடந்துச்சோ அதை முதல்ல சொல்லுங்க."

பெண் உள்ளே வந்தாள். தெரியாத மூன்று பேரைக் கண்டதும் வாசலிலேயே நின்றாள். அவள் கண் அம்மாவிடம் போனது. கை தன்னையறியாமல் தோள்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

விளம்பரக்காரர் உட்காரவில்லை.

"அன்னைக்குக் காலையில" என்று ஆரம்பித்தார், "உங்க அம்மா அந்த வீட்டுக்கு வரவே இல்லைம்மா."